பள்ளிவாசல் ஏடும் பதிவாளர் ஏடும்

வைத்தியப் பட்டம் பெற்று, சில காலம் நாடி பிடித்து மருந்தெழுதி, ஊராரின் மதிப்பையும் அவர்களுடைய காய்ச்சல் இருமல்களையும் ஒருங்கே சம்பாதித்துக்கொண்ட ஒருவன், அந்த உத்தியோகத்தை விட்டு எண்களோடு காலங்கழிக்கப் போய்விட்டான் என்றால், கல்முனைக்குடி போன்றதோர் ஊரில் அதனை விளக்கிச் சொல்வது எளிதான காரியமன்று. விசாரிப்பவர்களிடம் என் உம்மா, "மகன் கொழும்பில மேல்படிப்புப் படிக்கிறார்" என்று சொல்லிச் சமாளித்து வந்தார்; படிப்பு முடிந்து நான் ஊர் திரும்பிய பின்னரும் அந்த விடையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

உண்மையில் இந்த மாற்றம் புதியதன்று. 1839இல் இங்கிலாந்தின் பதிவாளர் நாயகத்தின் கந்தோரிற் சேர்ந்து, ஒரு தேசத்தின் மரணங்களையெல்லாம் காரண வாரியாக வகுத்துக் காட்டிய வில்லியம் ஃபார் வைத்தியம் பயின்றவர். வைத்தியரான பின் கார்ல் பியர்சனிடம் சென்று புள்ளிவிபரவியல் கற்ற மேஜர் கிரீன்வுட் (மேஜர் என்பது பெற்றோர் இட்ட பெயர், பட்டாளத்துப் பதவியன்று) இத்துறையின் பேராசிரியராக லண்டனில் விளங்கினார். அவருடைய வழியில் வந்த பிராட்ஃபோர்ட் ஹில்லோ, வைத்தியராக விரும்பியும் காசநோய் கண்டு அந்த அபிலாஷை நிறைவேறாமற்போக, பொருளியல் வழியாகப் புள்ளிவிபரத்துக்கு வந்து, 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் பரீட்சையின் மூலம் வைத்திய உலகத்துக்கே ஆசானானார்.

நான் அந்தப் பெரியோரை அறிந்து பின்பற்றியவன் அல்லன். பேராதனையிற் படித்து, உள்நாட்டுப் போர்க்காலத்தில் கிழக்குக் கரையின் ஆஸ்பத்திரி ஒன்றில் வெளிநோயாளரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை, சுகாதார வைத்திய அதிகாரி என்னும் பதவிதான் இப்பக்கம் தள்ளியது. 1926இல் ராக்பெல்லர் ஸ்தாபனத்தின் உதவியோடு களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை, காலப்போக்கில் நாடெங்கும் பரவி, எங்கள் கரைக்கும் வந்து சேர்ந்திருந்தது. ஒரு பிரதேசம், அதற்கு ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே நோயையும் சாக்கடையையும் சாப்பாட்டுக் கடையையும் பார்க்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள், கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று பார்க்கும் மருத்துவ மாதர்கள்: இதுவே அதன் கட்டமைப்பு. ஆஸ்பத்திரி விடுதியில் ஒரு டெங்கு நோயாளி படுத்தால், எச் 544 என்னும் அறிவித்தற் படிவம் ஒன்று நிரப்பப்பட்டு அவர் வசிக்கும் பிரதேசத்து அதிகாரிக்கு வரும். பரிசோதகர் அந்த வீட்டைத் தேடிப்போய் உண்மையை உறுதி செய்வார். உறுதியானவை வாரந்தோறும் எச் 399 என்னும் படிவத்தில் திரண்டு கொழும்புக்குப் போகும். படிவத்தில் "பள்ளி வீதி, கல்முனை" என்று மட்டும் எழுதியிருக்க, சைக்கிளை ஒழுங்கை ஒழுங்கையாக உருட்டி, தேநீர்க் கடையில் விசாரித்து, காய்ச்சல் வந்த வீட்டைக் கண்டுபிடித்துத் திரும்பிய பரிசோதகர்களின் பிரயாசையில்தான் அந்த வாராந்த எண்களுக்கு உயிர் இருந்தது.

எண்கள் என் மேசைக்கு வந்துகொண்டேயிருந்தன. எத்தனை பேரில் இத்தனை என்ற கேள்விக்குத்தான் விடையில்லாதிருந்தது. 1981க்குப் பின் நடந்திருக்க வேண்டிய குடிசன மதிப்பீடு போரினால் நடைபெறவில்லை. இருபது ஆண்டுகள் கழித்து 2001இல் நடந்தபோதும், வடக்கு கிழக்கில் அது முழுமையாக நிறைவேறிய மாவட்டம் அம்பாறை ஒன்றே. இடைப்பட்ட காலத்தில் கலவரங்களுக்கு அஞ்சி ஊர் மாறி வந்தவர்களும், கட்டாருக்கும் சவூதிக்கும் போனவர்களும், பிறந்தவர்களும், இறந்தவர்களும், பழைய எண்ணை ஆண்டுதோறும் சிறிது உயர்த்திக்கொண்டுபோன கந்தோர் மதிப்பீட்டுக்குள் அடங்கவில்லை. அதனால் சில பிரிவுகளில் பிறந்த பிள்ளைகளைவிடத் தடுப்பூசி பெற்ற பிள்ளைகள் அதிகம் என்னும் அற்புதம் வருடந்தோறும் நிகழ்ந்தது. இதைப் பார்த்துக் குழம்பியிருந்த என்னிடம், ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்த மருத்துவ மாது ஒருவர், "டொக்டர், கச்சேரிக் கணக்க வெச்சிட்டு என்ட கொப்பியப் பாருங்க" என்றார். பார்த்தேன். தகுதியுள்ள குடும்பங்களின் பதிவேட்டில், புது மணப்பெண்கள் சேர்க்கப்பட்டும், குடிபெயர்ந்தோர் கோடிடப்பட்டும், சுவரில் தொங்கிய பிரிவுப் படத்தில் வீடுகள் பென்சிலால் வரையப்பட்டு அழிக்கப்பட்டு மீண்டும் வரையப்பட்டும், அந்த அம்மையாரின் பிரிவு உள்ளபடி இருந்தது. அன்றுமுதல், எந்த எண் வந்தாலும், நோயாளியிடம் நோயின் வரலாறு கேட்பதுபோல் எண்ணிடமும் அதன் வரலாற்றைக் கேட்க வேண்டும் என்னும் எண்ணம் எனக்குள் வேர்விட்டது.

இந்தக் கரையில் அந்த வரலாறு சுவாரஸ்யமானது. கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் நிலத்தில், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஊர்கள் கிடக்கின்றன. முஸ்லிம்களாயினும் தமிழராயினும், குடி வழி தாயைப் பற்றிப் போவதும், மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமுடித்த ஆண் மனைவியின் வீட்டுக்குப் போவதும் இங்குள்ள வழக்கம். மூத்த மகளுக்குத் தன் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தாய் அதே வளவின் பின்புறத்தில் ஒரு குடிலைப் போட்டுக்கொள்வாள். அடுத்த மகளுக்கு வளவின் மற்றப் பாதி. ஒரு வேலிக்குள் மூன்று வீடு, மூன்று வீட்டுக்கு ஒரு கிணறு. இங்கே குடும்பம் என்று எதைக் கொள்வது? ஒரே உலையில் சமைத்துண்பவர் ஒரு குடும்பம் என்று நூல் சொல்கிறது. ஆனால் மனைவி வீட்டில் உறங்கி, பகற்சோற்றைத் தாய் வீட்டில் உண்ணும் கணவனை, இரண்டு வீட்டாரும் தங்கள் ஆளாகவே சொல்வார்கள். கவனியாதவன் அவனை இரண்டு மனிதராக்கிவிடுவான். அவ்வாறே வெளியூரிலிருந்து தலைப்பிரசவத்துக்கு வந்த பெண் எந்த மாதின் பிரிவைச் சேர்ந்தவள், கட்டாரில் இருக்கும் மகனை இருப்பவனாகக் கொள்வதா இல்லாதவனாகக் கொள்வதா என்பன போன்ற கேள்விகளுக்கெல்லாம், கணக்கெடுப்புத் தொடங்குமுன்பே விடை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

வயது மற்றொரு சங்கடம். முதியவர்களிடம் கேட்டால், அறுபது, அறுபத்தைந்து, எழுபது என்று ஐந்திலும் பத்திலும் முடியும் வயதுகளே வரும். அறுபத்து மூன்று வயதுக்காரர் ஊரிலேயே இல்லையோ என்று தோன்றும். இதற்குப் பரிகாரமாக நாங்கள் ஊர் நிகழ்ச்சிகளைக் கொண்டு ஓர் அட்டவணை அமைத்துக்கொண்டோம். 1957 மார்கழியின் பெருவெள்ளமும், 1978 நவம்பரில் கிழக்குக் கரையைச் சூறையாடிய சூறாவளியும் அதன் இரு தூண்கள். "சூறாவளிக்கு இவன் கைப்புள்ள" என்று ஒரு தாய் சொன்னால், அது பிறப்புச் சான்றிதழுக்கு அடுத்த நம்பிக்கைக்குரியது. குழந்தைகளின் மாத வயதுக்கு நோன்பையும் ஹஜ்ஜையும் கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்றத்தையும் வைத்துக் கேட்டோம். சந்திர ஆண்டு ஒவ்வொரு வருடமும் பதினொரு நாள் அளவில் முன்னே நகர்வதால், எந்த வருடத்துக் கொடியேற்றம் எந்த ஆங்கில மாதத்தில் வந்தது என்னும் பட்டியல் எப்போதும் எங்கள் பையில் இருந்தது.

தடுப்பூசிக் கணக்கெடுப்புக்கு உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்திருந்த முறை, முப்பது இடங்களைக் குலுக்கலில் தெரிந்து, இடத்துக்கு ஏழு பிள்ளைகளைப் பார்ப்பது. ஊரின் மத்தியில் நின்று ஒரு திசையைக் குலுக்கலில் தேர்ந்து, அத்திசையில் அடுத்தடுத்த வீடுகளுக்குப் போக வேண்டும். எங்கள் ஊர்களில் மத்தி என்பது பிரதான வீதியோரத்துச் சந்தை அல்லது பெரிய பள்ளி. அங்கிருந்து புறப்பட்டால் வியாபாரிகளின் கல்வீடுகளிலேயே ஏழு பிள்ளைகளும் கிடைத்துவிடுவார்கள். ஒழுங்கையின் கடற்புற முடிவில் வாழும் மீனவர் வீட்டுக்கு ஒருவரும் போகமாட்டார்கள். மருத்துவ மாதரின் பென்சிற் படங்களைக் கொண்டு வீடுகளுக்கெல்லாம் இலக்கமிட்டு, அவ்விலக்கங்களில் குலுக்கிய பின்னரே எனக்கு நிம்மதி உண்டாயிற்று.

இவற்றையெல்லாம் முறையாகக் கற்கும் ஆவலோடு கொழும்புப் பட்டப்பின் படிப்பு வைத்திய நிறுவனத்தை அடைந்தேன். கணிதம் எனக்குப் பள்ளிக்கூட நாட்களோடு விட்டுப்போன உறவாயினும், 1937இல் முதன்முதல் வெளிவந்த பிராட்ஃபோர்ட் ஹில்லின் வைத்தியப் புள்ளிவிபர நூல், சூத்திரங்களைக் காட்டிலும் நிதானத்தைக் கற்பித்தது. சரியான எண்ணும் பிழையான காரணத்தைச் சொல்லக்கூடும் என்பதே அப்படிப்பின் சாரம். முன்னர்க் குறிப்பிட்ட ஃபார், 1849இன் வாந்திபேதியில் லண்டனின் எந்தப் பகுதி தேம்ஸ் நதி மட்டத்துக்கு மேலே எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அங்கே சாவு குறைந்திருப்பதை மிகச் செம்மையாகக் கணக்கிட்டு, தாழ்நிலத்தின் கெட்ட காற்றே காரணம் என்று முடிவு கட்டினார். கணக்கில் குற்றமில்லை, குற்றம் தண்ணீரில் இருந்தது. 1866இன் வாந்திபேதியை ஆராய்ந்தபோது அதனை அவரே ஏற்றுக்கொண்டார் என்பது அவருடைய பெருமை.

இதற்கு இணையான பாடம் நம் நாட்டிலேயே உண்டு. 1934-35இன் மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 உயிர்களைப் பறிகொடுத்த இலங்கையில், 1946இல் கொசுவை ஒழிக்க டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியதும், ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த மரண வீதம் அடுத்த ஆண்டிலேயே 14 அளவுக்கு இறங்கியது. உலகெங்கும் பாடநூல்கள் இதை டி.டி.ரி.யின் வெற்றியாக எழுதின. ஆனால் மலேரியா அரிதாக இருந்த ஈரவலயத்திலும் மரணம் அதே காலத்தில் இறங்கியதே, அதற்குக் காரணம் என்ன என்று மீகம போன்ற நம்மவர் கேட்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய உணவு நிலையும் புதிய ஆஸ்பத்திரிகளும் கணக்கில் வரவேண்டாமா? பீற்றர் நியூமன் என்னும் ஆய்வாளர் மலேரியா ஒழிப்புக்கு அவ்விறக்கத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைக் கொடுக்க, 1974இல் கிரே என்பவர் அதனை நாலில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாக்கினார். ஒரே தீவின் ஒரே ஏடுகளிலிருந்து புறப்பட்ட இருவரும் இவ்வளவு வேறுபட்டது, மாவட்ட வாரியாக எதனோடு எதனை ஒப்பிடுவது என்னும் தெரிவினால். அவ்விவாதத்தை வாசித்து முடித்தபோதுதான், இத்தொழில் என் வாழ்நாளுக்குப் போதுமான தொழில் என்ற திருப்தி உண்டாயிற்று.

திரும்பி வந்து செய்த வேலைகளுள் மனத்துக்கு உகந்தது, பள்ளிவாசல் ஏட்டையும் பதிவாளர் ஏட்டையும் ஒன்றுக்கொன்று எதிரே வைத்துப் பார்த்தது. பிறந்த சில மணி நேரத்தில் இறக்கும் சிசு, அரசாங்கக் கணக்கிலிருந்து வழுவிப்போவது எளிது. பிறப்பைப் பதிவதற்குச் சட்டம் சில வாரத் தவணை தருகிறது. அத்தவணைக்குள் பிள்ளை அடங்கிவிட்டால், பிறப்பையும் பதியாமல் இறப்பையும் பதியாமல் இருந்துவிடும் பெற்றோர் உண்டு. ஆனால் மையவாடியில் அடக்காமல் இருக்க முடியாது. எங்கள் ஊர்களில் ஜனாஸாவைத் தாமதிப்பதில்லை. காலையில் மௌத்தானால் அசருக்குள் அடக்கம் முடிந்துவிடும். அடக்கத்தைப் பள்ளிவாசலில் ஒருவர், நீண்ட சி.ஆர். கொப்பி ஒன்றில், திகதி, தகப்பன் பெயர், குடி, வீதி என்று எழுதி வைப்பார்.

அந்தக் கொப்பியில் நான் எதிர்பாராத ஒரு நுட்பமும் இருந்தது. ஷாபிஈ மத்ஹபின்படி, பிறந்த சிசு அழுதோ அசைந்தோ உயிரின் அடையாளத்தைக் காட்டியிருந்தால்தான் அதற்கு ஜனாஸாத் தொழுகை உண்டு. காட்டாததற்குக் கபனிட்டு அடக்கம் மாத்திரமே. ஆகவே சிசுவைக் கொண்டுவந்த தகப்பனிடம் பள்ளிவாசல் லெப்பை முதலிற் கேட்பது, "புள்ள அழுததா?" என்பது. உயிருடன் பிறந்தது என்பதற்கு உலக சுகாதார ஸ்தாபனம் வகுத்த இலக்கணமும் மூச்சு, இதயத் துடிப்பு, தொப்புட்கொடியின் துடிப்பு, அசைவு ஆகியவற்றையே கேட்கிறது. செத்துப் பிறந்ததையும் பிறந்து செத்ததையும் பிரித்தறிய முடியாமல் உலகெங்கும் புள்ளிவிபரக்காரர் திண்டாட, எங்கள் பள்ளிவாசற் கொப்பியில் "தொழுகை நடந்தது" என்னும் ஒரு குறிப்பு அதனைத் தீர்த்து வைத்திருந்தது.

இரண்டு ஏடுகளையும் பொருத்துவதற்கு ஒரு கணிதமும் உண்டு. நம் பக்கத்தவரான சி. சந்திரசேகரனும் அமெரிக்கரான டெமிங்கும், கல்கத்தாவுக்கு அண்மையிலுள்ள சிங்கூரில், பதிவாளரின் பட்டியலையும் வீடு வீடாக விசாரித்த பட்டியலையும் ஒப்பிட்டு, 1949இல் அதனை வெளியிட்டார்கள். ஒரு பேச்சுக்கு, பள்ளிவாசல் ஏட்டில் 80 பேர், பதிவாளர் ஏட்டில் 60 பேர், இரண்டிலும் இருப்போர் 48 பேர் என்று வைத்துக்கொள்வோம். பதிவாளரின் 60 பேரில் 48 பேரைப் பள்ளிவாசல் பிடித்திருக்கிறது. அதாவது ஐந்தில் நாலு பங்கு. அப்படியானால் அதன் 80 பேரும் மொத்த மரணத்தில் ஐந்தில் நாலு பங்காக இருக்க வேண்டும், மொத்தம் 100. இரண்டு ஏட்டிலும் சேர்த்து நம் கண்ணுக்குத் தெரிவோர் 92 பேர். எந்த ஏட்டிலும் ஏறாதவர் 8 பேர். காணாதவரை எண்ணும் இந்த வித்தை, ஓர் ஏட்டில் ஏறுவதும் மற்றதில் ஏறுவதும் ஒன்றையொன்று சாராதிருந்தால் மட்டுமே பலிக்கும். ஓர் இடத்துக்குப் போகும் குடும்பம் மற்றதற்கும் போகும், ஒன்றுக்குப் போகாத குடும்பம் மற்றதற்கும் போகாது என்றால், விடுபட்டோர் தொகை குறைவாகவே தெரியும். அதனால்தான் வயது, பால், இடம் என்று ஒத்த கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடுமாறு அவ்விருவரும் அறிவுறுத்தினர்.

கணிதத்தைவிடக் கடினமானது ஆளை ஆளோடு பொருத்துவது. பெயரிடப்படாத சிசுவுக்கு அடையாளம் தகப்பன் பெயர். ஒரே வீதியில் ஆதம்பாவா நால்வர், மீராலெவ்வை மூவர். முகம்மது என்னும் பெயரைப் பள்ளிவாசல் ஒருவிதமாகவும் பதிவாளர் வேறுவிதமாகவும் எழுதுவார்கள். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்தது குடிப்பெயர். பதிவாளர் ஏட்டில் அதற்கு இடமில்லை. ஆனால் இன்ன குடிப் பெண்ணை முடித்த ஆதம்பாவா என்றால் மருத்துவ மாதுக்கு உடனே தெரிந்துவிடும். நாங்கள் கூடி உட்கார்ந்து, தேநீர் ஆறிப்போக, வரி வரியாகப் பொருத்திய அந்தப் பிற்பகல்களை இன்றைய எந்தக் கணினியும் எனக்குத் திருப்பித் தரப்போவதில்லை.

2004 டிசம்பர் 26, ஒரு ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். கடல் ஊருக்குள் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் வேறெந்த மாவட்டமும் அவ்வளவு இழக்கவில்லை. முதல் நாட்களில் பெயரறியப்படாமலே பலர் ஒன்றாக அடக்கப்பட்டார்கள். ஆஸ்பத்திரியின் பட்டியல், விதானைமாரின் பட்டியல், பள்ளிவாசல்களின் பட்டியல் என்று மூன்று வகை ஏடுகள் எழுந்தன; ஒருவரே மூன்றிலும் இருப்பார், ஒருவர் ஒன்றிலும் இரார். காணாமற்போனோருக்கு மரணச் சான்றிதழ் வழங்க 2005இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று.

அவ்வழிவைக் குறித்து ஜப்பானிய, இலங்கை ஆய்வாளர்கள் இம்மாவட்டத்தின் 13 அகதி முகாம்களில் 859 குடும்பங்களை விசாரித்து 2006இல் வெளியிட்ட ஆய்வை, என் மாணவர்களுக்கு நான் எப்போதும் வாசிக்கக் கொடுப்பதுண்டு. அக்குடும்பங்களின் ஆண்களில் நூற்றுக்கு 8.2 பேர் மாண்டிருக்க, பெண்களில் 17.5 பேர்; ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 31.8 பேர். அலை வந்தபோது வீட்டுக்குள் இருந்ததும், வீடு முற்றாக இடிந்ததும் சாவைக் கூட்டின. கடற்கரை ஒழுங்கைகளில் வீடு பெண்ணின் சொத்து. காலை ஒன்பது மணியளவில் அவ்வீட்டுக்குள் இருப்பவளும் அவளே. எண்ணின் பின்னால் ஊரின் வழக்கம் நிற்பதைப் பார்க்கத் தெரிந்தவனுக்கே அந்த 17.5 என்ன சொல்கிறதென்று விளங்கும். மாணவர்களிடம் நான் கேட்கும் கேள்வி இன்னொன்று: முகாமில் விசாரித்தால் விடை சொல்ல யாராவது எஞ்சியிருக்க வேண்டும், எவரும் எஞ்சாத வீட்டுக்கு யார் விடை சொல்வார்? அத்தகைய வீடுகள் எந்த முகாமிலும் இரா. எனவே உண்மையான விகிதம் கண்ட விகிதத்தைவிடக் கூடியதாகவே இருக்கும். முறையாகச் செய்த ஆய்வுக்கும் இவ்வெல்லை உண்டு என்று அறிவது ஆய்வைக் குறைகூறுவதாகாது. அதனை வாசிக்கத் தெரிந்திருப்பதாகும்.

கொரோனாக் காலம் வேறொரு பாடத்தைத் தந்தது. 2020 ஏப்ரலில், அந்நோயால் இறந்தோரின் உடலைத் தகனம் செய்தே ஆகவேண்டும் என்று வர்த்தமானி கட்டளையிட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் அது திருத்தப்பட்டு, மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கும்வரை, எங்கள் ஊர்களில் நோயைவிட அந்தக் கட்டளையே பெரிய அச்சமாயிருந்தது. மூச்சுத் திணறும் முதியவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக அஞ்சிய பிள்ளைகளை நான் கண்டேன். அப்படிப்பட்ட காலத்தில் ஓர் ஊரின் கொரோனா மரணங்கள் குறைவு என்று படிவம் சொன்னால், அதனை நோயின் செய்தியாகக் கொள்வதா, அச்சத்தின் செய்தியாகக் கொள்வதா? காரணம் எதுவென்று கேளாமல் எல்லா மரணங்களையும் சேர்த்து, முந்திய ஆண்டுகளின் அதே மாதங்களோடு ஒப்பிடுவதே அப்போது செய்யத்தக்கது. அதற்கும் மையவாடிக் கொப்பியே துணை. மக்கள் ஓர் எண்ணைத் தருவது, அந்த எண் தங்களுக்குத் தீங்காகத் திரும்பி வராது என்னும் நம்பிக்கையினால் என்பதை, எந்தப் பாடநூலும் எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

இப்போது மருத்துவ மாதரின் ஏடுகள் மெல்ல மெல்லக் கணினிக்குள் ஏறுகின்றன. இத்துறைக்கு வரும் இளம் வைத்தியர்கள், எந்த மென்பொருளைக் கற்பது நல்லது என்று கேட்கிறார்கள். எதையாவது கற்றுக்கொள்ளுங்கள், அது பெரிய காரியமன்று என்று சொல்லி, முதலில் ஒரு மருத்துவ மாதுடன் அவருடைய ஒழுங்கைகளில் நடந்து வருமாறும், பின்னர் ஒரு பள்ளிவாசலிலோ கோயிற் சபையிலோ மரண ஏட்டை எழுதுபவரோடு உட்கார்ந்து பேசிவருமாறும் அனுப்புகிறேன். ஏட்டை எழுதியவர் யார், அவருக்குச் சொன்னவர் யார், சொன்னவர் எதை அஞ்சினார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்டறிந்த பின்னர் கணினியைத் திறப்பவன், பெரும்பாலும் சிறிய கணிதத்தோடேயே நல்ல விடைக்கு வந்துவிடுகிறான்.